கடலுக்குள் போகும் கண்ணாடி

புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் சொல்லிக்கொடுப்பது என் தொழில். கற்றுக்கொள்ள வருபவர்கள் நிரப்பும் மருத்துவப் படிவத்தில், கடந்த 3 மாதங்களில் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்ததா என்று ஒரு கேள்வி உண்டு. சாதாரணப் பவரைப் பற்றி அதில் ஒன்றும் கிடையாது. அதை நான்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்டாலும் எல்லோரும் உடனே சொல்லிவிடுவதில்லை. மூக்கின் இருபுறமும் கண்ணாடித் தடம் பதிந்திருக்கும். கண்ணாடி பைக்குள் போயிருக்கும். "சும்மா மைனஸ் ரெண்டுதான் சார், அது இல்லாமலே சமாளிச்சுக்குவேன்" என்பார்கள். பவர் இருந்தால் கடலுக்குள் விடமாட்டோமோ என்ற பயம் சிலருக்கு. கல்லூரிப் பிள்ளைகளுக்கு, கண்ணாடி போட்டுப் படம் எடுக்கவே கூச்சம்.

பவர் யாரையும் கடலிலிருந்து விலக்கி வைப்பதில்லை. மைனஸ் எட்டு உள்ளவர்கள் என்னோடு இறங்கி, கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடக்கும் கல்மீனை எனக்கு முன்னால் கண்டுபிடித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பவர் எவ்வளவு, எந்த மாதிரி என்று கரையிலேயே தெரிந்திருக்க வேண்டும். நீருக்கடியில் நாங்கள் பேசுவது கையால். எவ்வளவு காற்று மிச்சம் என்று சொல்வது மீட்டரின் முள். இரண்டையும் கண்தான் வாங்கித் தர வேண்டும்.

நீருக்குள் வெறும் கண்ணைத் திறந்தால் எல்லாமே கலங்கிப்போவதற்குக் காரணம் கருவிழியின் மேற்பரப்பு. ஒளியைக் குவிக்கிற வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அந்தப் பரப்புதான் செய்கிறது. அது நடப்பதற்கு வெளியே காற்று இருக்க வேண்டும். காற்றின் ஒளிவிலகல் எண் 1, தண்ணீருடையது 1.33, கருவிழியுடையது சுமார் 1.38. தண்ணீர் நேராகக் கருவிழியைத் தொட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் அற்பம். 40 டயாப்டருக்கும் மேற்பட்ட பவர் ஒரே நொடியில் காணாமல் போகிறது. அந்தமான் கடலில் படகிலேயே வாழ்ந்துவந்த மோக்கன் இனக் குழந்தைகள், கண்மணியைச் சுருக்கி, கண்ணின் உள் லென்ஸையும் இறுக்கிக்கொண்டு, ஐரோப்பியக் குழந்தைகளைவிட இருமடங்கு நுணுக்கமாக நீருக்குள் பார்க்கிறார்கள் என்று 2003இல் சுவீடன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அது சிறுவயதுக் கண்ணுக்கு வாய்க்கும் வித்தை. மற்றவர்களுக்குக் கண்ணுக்கு முன்னால் ஒரு காற்றறை வேண்டும். மாஸ்க் என்பது அந்தக் காற்றறைதான். பாம்பன், மண்டபம் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணில் கட்டிக்கொண்டு குதிக்கும் கண்ணாடிக்கும் வேலை இதுவேதான்.

இந்தக் காற்றறை இன்னொன்றும் செய்கிறது. தண்ணீரிலிருந்து கண்ணாடி வழியாகக் காற்றுக்கு வரும் ஒளி வளைவதால், நீருக்குள் இருக்கும் பொருள் அதன் உண்மைத் தொலைவில் முக்கால் பங்கில் இருப்பதாகத் தெரியும். மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். 4 மீட்டரில் நிற்கும் மீன் 3 மீட்டரில் நிற்பதாகத் தோன்றும். கிட்டப்பார்வைக்காரருக்கு இது ஒரு சின்னச் சலுகை. வெள்ளெழுத்து விழுந்தவருக்கு ஒரு சின்னத் தண்டனை. இந்த இரண்டு வரியை மனதில் வைத்துக்கொண்டால், மாஸ்க் தேர்வில் பாதிக் குழப்பம் தீரும்.

மைனஸ் இரண்டு என்றால் கண்ணிலிருந்து அரை மீட்டர் வரை தெளிவு, அதற்கப்பால் மங்கல். நீருக்குள் அந்த எல்லை சுமார் 65 சென்டிமீட்டர் வரை தள்ளிப்போகிறது. அதாவது மைனஸ் இரண்டு உள்ளவர் கையிலிருக்கும் மீட்டரை லென்ஸ் இல்லாமலே படித்துவிடுவார். "சமாளிச்சுக்குவேன்" என்பது அந்த அளவில் உண்மை. ஆனால் 5 மீட்டர் தள்ளி நிற்கும் நான் "மேலே போ" என்று காட்டுகிறேனா, "சரியா இருக்கியா" என்று கேட்கிறேனா என்பது அவருக்குப் புகையாகத்தான் தெரியும். எங்கள் கடலில் நல்ல நாளில் 15 மீட்டருக்கும் மேல் பார்க்கலாம். மழைக்காலத்தில் ஆற்றுநீர் கலந்தால் நீட்டிய கையே தெரியாது. ஏற்கெனவே கலங்கிய நீரில் கண்ணும் கலங்கலாக இருந்தால் பதற்றம் சீக்கிரம் வரும். பதற்றத்தில் மூச்சு வேகமாகும். காற்று வேகமாகத் தீரும். மைனஸ் ஒன்று, ஒன்றரை வரை உள்ளவர்கள் சாதாரண மாஸ்க்கிலேயே நன்றாக இறங்கி ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு தாண்டியவர்களுக்கு லென்ஸ் வேண்டும் என்பதில் நான் இறங்கிவருவதில்லை.

சரி, எந்த மாஸ்க்? பவர் உள்ளவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி மாஸ்க்ல என் பவர் கிடைக்கும்?" நான் முதலில் பார்ப்பது அவர்கள் முகத்தை. உள்ளே எவ்வளவு துல்லியமான லென்ஸ் இருந்தாலும், மாஸ்க் ஒழுகினால் அது ஒன்றுக்கும் ஆகாது. மூக்குத் துவாரம்வரை தண்ணீர் ஏறி நிற்கும்போது யாரும் மீட்டர் பார்ப்பதில்லை. ஒகினாவா தீவின் இதோமான் ஊர் மீனவர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மரத்தைக் குடைந்து நீர்க்கண்ணாடி செய்யத் தொடங்கியபோது, அவரவர் கண்குழிக்கும் கன்ன எலும்புக்கும் ஏற்றபடி செதுக்கினார்கள். இன்று சிலிகான் வந்துவிட்டது. முகங்கள் அப்படியேதான் இருக்கின்றன.

முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க எல்லாக் கடையிலும் ஒரு வழி சொல்லித் தருவார்கள்: வாரை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் இழு, கையை எடுத்தால் விழாமல் நிற்க வேண்டும். அது போதாது. பலமாக இழுத்தால் எந்த மாஸ்க்கும் எந்த முகத்திலும் ஒரு நிமிஷம் ஒட்டும். நான் செய்யச் சொல்வது வேறு. முகத்தை மேல்நோக்கிச் சாய்த்து, மாஸ்க்கைத் தானாக உட்காரும்படி மெல்ல வையுங்கள். பக்கத்தில் இருப்பவர் சிலிகான் விளிம்பைச் சுற்றிப் பார்க்கட்டும். எங்காவது வெளிச்சம் நுழைகிறதா, நெற்றிப்பொட்டில் தூக்கிக்கொண்டு நிற்கிறதா, மூக்குத்தண்டில் குத்துகிறதா. அதன்பிறகு மிக மெதுவாக மூச்சை இழுங்கள். அப்புறம் ரெகுலேட்டரையோ ஸ்நார்க்கலையோ வாயில் கடித்துக்கொண்டு இதையே மறுபடி செய்யுங்கள். எதையாவது கடித்தால் கன்னத்தின் அமைப்பு மாறிவிடும். கடையில் கச்சிதமாக நின்ற மாஸ்க் கடலில் ஒழுகுவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். சிரித்தும் பார்க்க வேண்டும். மீனைப் பார்த்தால் சிரிப்பு வரத்தான் செய்யும்.

நம் ஊர் முகங்களுக்கென்று சில சங்கதிகள் உண்டு. முதலாவது மீசை. மூக்குக்கு நேர் கீழே விளிம்பு உட்காரும் இடத்தில் அடர்ந்த முடி இருந்தால் தண்ணீர் அந்த வழியாக ஊறிக்கொண்டே இருக்கும். மீசையை எடுக்கச் சொல்லி நான் யாரையும் கேட்டதில்லை. மூக்கையொட்டி மேல் ஓரத்தில் மெல்லிய கோடுபோல் மழித்தாலே பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். ஒப்பாதவர்கள் சிலிகான் கிரீஸ் கொஞ்சம் தடவிக்கொள்ளலாம். அடுத்தது மூக்குத்தி. ஆழம் போகப் போகக் காது அடைக்கும். மாஸ்க்கின் மூக்குப் பகுதியை வெளியிலிருந்து விரலால் பிடித்து ஊதித்தான் அதைத் திறக்க வேண்டும். அப்போது கல் மூக்குத்தி உள்ளே குத்தும். கழற்ற மனமில்லாதவர்களுக்கு மூக்குப்பை அகலமான மாஸ்க்காகப் பார்த்துக் கொடுப்பேன். ஸ்டிக்கர் பொட்டு, நெற்றியில் இறங்கும் முடி, காலையில் தலையில் வைத்த தேங்காய் எண்ணெய், முகத்தில் அப்பிய சன் ஸ்கிரீன் எல்லாமே விளிம்பை வழுக்கவோ தூக்கவோ செய்யும். ஒழுகும்போது எல்லோரும் வாரை இழுத்து இறுக்குவார்கள். இறுக்கினால் சிலிகான் மடங்கி இன்னும் ஒழுகும். வார் மாஸ்க்கைப் பிடித்து வைக்கத்தான். தண்ணீரைத் தடுப்பது நீரின் அழுத்தமே.

நீச்சல் குளத்துக்கு அணியும் பவர் கண்ணாடி ஏற்கெனவே இருக்கிறது, அதையே போட்டுக்கொள்ளலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். கூடவே கூடாது. 10 மீட்டர் இறங்கினால் சுற்றியுள்ள அழுத்தம் இரண்டு மடங்காகும். மாஸ்க்குக்குள் இருக்கும் காற்று அதற்கேற்பச் சுருங்கும். மூக்கு உள்ளே இருந்தால் மெல்ல மூச்சை விட்டு அந்த இடத்தை நிரப்பலாம். நீச்சல் கண்ணாடியில் மூக்கு வெளியே. காற்று சேர்க்க வழியில்லாமல் அது கண்ணை உறிஞ்சும். வெள்ளைவிழியில் ரத்தம் கட்டும். சாதாரணக் கண்ணாடியை மாஸ்க்குக்குள் போட நினைத்தாலும் முடியாது. காதுக்குப் போகும் கம்பி விளிம்பைத் தூக்கிவிடும்.

முகத்துக்குப் பொருந்துகிற மாஸ்க் இரண்டு மூன்று கிடைத்தபிறகுதான் பவருக்கு வருகிறேன். இங்கே பார்க்க வேண்டியது, அது ஒற்றைக் கண்ணாடியா இரட்டைக் கண்ணாடியா என்பது. முகம் முழுக்க ஒரே தகடு போட்ட மாஸ்க்குகள் பார்க்க அழகு. ஆனால் அவற்றில் லென்ஸை மாற்ற முடியாது. இடது வலது என்று தனித்தனிக் கண்ணாடி உள்ள மாஸ்க்குகளில் சிலவற்றில், சட்டத்தைக் கழற்றிச் சாதாரணக் கண்ணாடியை எடுத்துவிட்டுப் பவர் லென்ஸைப் பொருத்தலாம். டூசா, மேரஸ், கிரெஸ்ஸி, ஸ்கூபாபுரோ போன்ற கம்பெனிகள் தங்கள் மாஸ்க்குகளில் சிலவற்றுக்கு இப்படி ரெடிமேட் லென்ஸ் தருகின்றன. ஒரு மாடலின் லென்ஸ் இன்னொரு மாடலுக்குப் பொருந்தாது. கிட்டப்பார்வைக்குப் பெரும்பாலும் மைனஸ் 1 முதல் மைனஸ் 8 வரை, அரை அரையாக ஏறும். பிளஸ்ஸில் அவ்வளவு தேர்வு கிடையாது. இரண்டு கண்ணுக்கும் வேறுவேறு பவர் வாங்கலாம், அதில் சிக்கல் இல்லை. வாங்கும்போது கண்ணாடியில் 'டெம்பர்டு' என்றோ 'டி' என்றோ பொறித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உடைந்தால் கூர்ச்சில்லாகச் சிதறாத கண்ணாடி அது.

அரை அரையாகத்தான் ஏறும் என்றதும் பலர் தயங்குவார்கள். மருத்துவர் சீட்டில் கால் பவர் துல்லியத்தில் எழுதியிருக்கிறாரே? அதோடு சிலிண்டர் பவர் வேறு. ரெடிமேட் லென்ஸில் சிலிண்டர் கிடையவே கிடையாது. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சீட்டில் ஸ்பெரிக்கல் என்று இருப்பதோடு சிலிண்டரில் பாதியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு மைனஸ் 2.75, சிலிண்டர் மைனஸ் 1 என்று வைத்துக்கொள்வோம். பாதி சிலிண்டர் அரை; கூட்டினால் மைனஸ் 3.25. கடையில் இருப்பது மூன்றும் மூன்றரையும். நான் மூன்றை எடுக்கச் சொல்வேன். முன்பு சொன்ன சலுகை இங்கேதான் உதவுகிறது: 4 மீட்டரில் இருக்கும் மீன் 3 மீட்டரில் தெரிகிறது, அதைப் பார்க்க முழுத் தூரப்பவர் தேவையில்லை, மூன்றில் ஒரு டயாப்டர் குறைந்தாலும் தெளிவாகவே இருக்கும். கடலுக்குள் யாரும் அடிவானத்தைப் பார்ப்பதில்லை. நாற்பது வயதைத் தாண்டியவருக்குக் குறைவான பக்கம் போவதில் இன்னொரு லாபமும் உண்டு. கையிலிருக்கும் மீட்டர் கொஞ்சம் சுலபமாகத் தெரியும்.

சிலிண்டர் ஒன்று, ஒன்றேகால் வரை இந்தக் கணக்கு நன்றாக ஓடுகிறது. இரண்டு, இரண்டரை என்று போனால் எழுத்துக்கு நிழல் விழும், தலை வலிக்கும். அப்போது மாஸ்க்கின் கண்ணாடிக்கு உட்புறம் தனியாகச் செய்த லென்ஸை ஒட்டித்தான் ஆக வேண்டும். இது எல்லா ஆப்டிக்கல் கடையிலும் ஆகிற வேலை இல்லை. சாதாரண மூக்குக்கண்ணாடி லென்ஸ் முன்பக்கம் வளைந்தது. தட்டையான மாஸ்க் கண்ணாடியில் அது உட்காராது. முன்பக்கம் தட்டையாகவும் பவர் முழுவதும் பின்பக்கத்திலும் இருக்கும்படி கடைய வேண்டும். அப்புறம் ஒளிபுகும் பசையால், காற்றுக்குமிழி ஒன்றுகூட மாட்டிக்கொள்ளாமல் ஒட்ட வேண்டும். இரண்டு கண்மணிக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து, லென்ஸின் நடுப்புள்ளி அதற்கு நேராக வரும்படி வைக்க வேண்டும். மைனஸ் ஆறில் அந்தப் புள்ளி மூன்று நான்கு மில்லிமீட்டர் விலகினாலே கண்கள் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு களைத்துவிடும். சிலிண்டரின் சாய்வுக்கோணமும் முக்கியம். மாஸ்க் முகத்தில் எப்படி உட்காருகிறதோ, அந்த நிலையில் வைத்துக் குறித்தால்தான் சரியாக வரும். அதனால் மாஸ்க்கைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வராமல், அணிந்து காட்டிக் குறி போட்டுக்கொண்டு வரச் சொல்வேன்.

பவரைக் கடல் பார்த்த பக்கத்தில் வைக்கக்கூடாதா என்று பொறியியல் படித்த மாணவி ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. வெளிப்பக்கம் வளைவாக இருந்தால் அந்த வளைவைத் தண்ணீர் தொடும். கருவிழிக்கு நேர்ந்த கதியே அதற்கும் நேரும். கரையில் மைனஸ் நான்காக இருப்பது உள்ளே போனதும் வேறு பவராகிவிடும். வெளிப்பக்கம் தட்டையாக இருப்பதால்தான் படகிலும் கடலடியிலும் ஒரே பவர் நிலைக்கிறது.

அதிகப் பவர் உள்ளவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மூக்குக்கண்ணாடி கண்ணிலிருந்து 12 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். மாஸ்க்கின் கண்ணாடி அதைவிடத் தள்ளி நிற்கும். மைனஸ் லென்ஸ் தள்ளிப்போகப் போக வேகம் குறையும். மைனஸ் இரண்டில் இதை மறந்துவிடலாம். மைனஸ் எட்டில், லென்ஸ் இன்னொரு 13 மில்லிமீட்டர் தள்ளி நின்றால், அதே பார்வைக்குக் கிட்டத்தட்ட மைனஸ் ஒன்பது தேவைப்படும். ஆகவே பவர் கூடியவர்கள் முகத்தோடு ஒட்டி நிற்கிற, உள்காற்று குறைந்த மாஸ்க்கையே நாட வேண்டும். தண்ணீர் புகுந்தால் ஊதி வெளியேற்றுவதும் அதில் சுலபம். இமைமுடி கண்ணாடியில் உரசாமல் இருக்கிறதா என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

கிட்டப்பார்வைக்காரர்களைவிட எனக்கு அதிகக் கவலை வெள்ளெழுத்துக்காரர்களைப் பற்றித்தான். ஐம்பது, அறுபது வயதில் டைவிங் கற்க வருகிறவர்கள் கூடிவருகிறார்கள். அதில் எனக்கு மிகுந்த சந்தோஷம். தூரம் எல்லாம் பளிச்சென்று தெரிவதால் இவர்கள் தங்களுக்குக் கண்ணில் குறையே இல்லை என்று நினைக்கிறார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரைக் குளத்தில் வைத்து, காற்று எவ்வளவு இருக்கிறது என்று கையால் கேட்டேன். மீட்டரை எடுத்துப் பார்த்து நிதானமாக நூற்றைம்பது என்று காட்டினார். எட்டிப் பார்த்தேன், தொண்ணூறு. மேலே வந்ததும், "முள்ளு தெரியுது தம்பி, நம்பர்தான் ஒண்ணும் தெரியல, இவ்வளவு நேரத்துல இவ்வளவுதான் குறைஞ்சிருக்கும்னு கணக்குப் போட்டுச் சொன்னேன்" என்றார். "சார், கடல்ல கணக்குப் போடக்கூடாது சார், பார்க்கணும்" என்றேன். அவர் உடனே ஒத்துக்கொண்டார்.

டேங்கில் 200 பார் அளவு காற்றோடு இறங்குகிறோம்; 50 மிச்சம் இருக்கும்போது மேலே வந்திருக்க வேண்டும். ஐம்பதுக்குக் கீழே மீட்டரில் சிவப்புப் பட்டை தீட்டியிருப்பார்கள். ஆனால் கடலில் முதலில் மறையும் நிறம் சிவப்புதான். 18 மீட்டரில் அந்தப் பட்டை கருத்த பழுப்பாகத் தெரியும். ஆழத்தில் வெளிச்சம் குறைவதால் கண்மணி விரியும்; விரிந்தால் கிட்டத்தில் இருப்பது இன்னும் மங்கும். போதாததற்கு, 40 சென்டிமீட்டரில் பிடித்த மீட்டர் 30இல் இருப்பதுபோல் கண்ணுக்கு வந்து சேரும். பெரிதாகத் தெரிகிறது என்பது உண்மை. ஆனாலும் கரையில் கையை நீட்டி எப்படியோ படித்துவிடுபவர் கடலடியில் திணறுவது இதனால்தான்.

இவர்களுக்கு முழுக் கண்ணாடியும் பிளஸ் பவர் போட்டுக் கொடுத்தால் அது வேறு கோளாறு. பிளஸ் இரண்டு போட்டால் சுமார் 65 சென்டிமீட்டருக்கு அப்பால் உள்ள கடல் முழுதும் மங்கிவிடும். கீழ்ப்பாதியில் மட்டும் பவர் வைத்த ரெடிமேட் லென்ஸ் சில மாடல்களுக்குக் கிடைக்கிறது. இல்லையென்றால் உட்புறம் கீழ் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும் சின்ன அரைநிலா லென்ஸ்கள் உண்டு. மெல்லிய பிளாஸ்டிக், தண்ணீர் தொட்டு அழுத்தினால் பிடித்துக்கொள்ளும், மலிவு, வேண்டாதபோது உரித்து எடுக்கலாம். அதை எங்கே ஒட்டுவது என்பதில்தான் விஷயம். மாஸ்க்கை அணிந்து, மீட்டரை வழக்கமாகப் பிடிக்கும் இடத்தில் பிடித்து, தலையைக் குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்தினால் பார்வை கண்ணாடியின் எந்தப் புள்ளி வழியாகப் போகிறதோ அங்கே ஒட்ட வேண்டும். காற்று மீட்டர் இடப்பக்கம்தான் தொங்கும் என்பதால் பலருக்கு இடது கண்ணின் கீழ் ஓரம் ஒன்றே போதும். வலது கண் முழுதும் கடலுக்கு மிஞ்சும். கிட்டப்பார்வையோடு வெள்ளெழுத்தும் சேர்ந்தவர்கள், தூரப்பவரை ஒரு படி குறைத்து வாங்கிப் பார்க்கலாம். மைனஸ் இரண்டுக்கும் குறைந்தவர்களாக இருந்தால் லென்ஸே இல்லாமல் இறங்கினால் மீட்டர் நன்றாகத் தெரிகிறதா என்று குளத்தில் சோதித்துவிட்டு முடிவெடுக்கலாம். பெரிய எண் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் வாங்க முடிந்தால், இந்த வயதில் வேறெந்த சாமானைவிடவும் அதற்குத்தான் காசு போட வேண்டும் என்பேன்.

தலைமையாசிரியர் அரைநிலா ஒட்டிக்கொண்டு படிப்பை முடித்தார். இப்போது என்னிடம் கேட்காமலே ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மீட்டரைப் பார்க்கிறார்.

காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் மாஸ்க்கில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. சிலிண்டரும் அதிலேயே வந்துவிடும். மென்மையான லென்ஸ்தான் வேண்டும். பழைய வகைக் கெட்டி லென்ஸின் அடியில், மேலே வரும்போது நைட்ரஜன் குமிழி தங்கிக் கருவிழியைப் புண்ணாக்கும். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் போன்ற அமைப்புகளும் மென்மையான லென்ஸையே சொல்கின்றன. தினம் ஒன்று போட்டுத் தூக்கியெறியும் வகை நல்லது. நீரில் உயிருள்ள அமீபா, கிருமிகள் லென்ஸுக்கும் கண்ணுக்கும் இடையில் தங்கினால் பார்வையையே பறிக்கும் புண் வரும். கடலைவிட நன்னீரிலும் சரியாகப் பராமரிக்காத குளத்திலும் அந்தப் பயம் அதிகம். மேலே வந்ததும் கழற்றிப் போட்டுவிட வேண்டும். குழாய்த் தண்ணீரில் கழுவி மறுபடி போடவே கூடாது. பயிற்சியில் நீருக்கடியில் மாஸ்க்கை முழுதாகக் கழற்றி மாட்டும் பாடம் உண்டு. அப்போது கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வேன். லென்ஸ் போட்டிருக்கிறீர்கள் என்று பயிற்சியாளரிடம் முன்பே சொல்லிவிட்டால், நீங்கள் கண் திறக்காததைப் பார்த்து அவர் பதற மாட்டார். கையைத் தொட்டு சைகை தருவார்.

லேசர் சிகிச்சை செய்துகொண்டு கண்ணாடியை விட்டவர்களும், கண்புரைக்கு அறுவை செய்தவர்களும் கடலுக்கு வரலாம். எப்போது என்பதைக் கண் மருத்துவர் எழுதிக் கொடுக்க வேண்டும். 3 மாதத்துக்குள் என்றால் அந்தக் காகிதம் இல்லாமல் நான் தண்ணீரில் இறக்குவதில்லை. விழித்திரை அறுவையின்போது கண்ணுக்குள் வாயு செலுத்தப்பட்டவர்கள், அது முழுதும் கரைந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை கடல் பக்கமே வரக்கூடாது, விமானமும் ஏறக்கூடாது. அழுத்த மாற்றத்தில் அந்த வாயு சுருங்கி விரிந்தால் போவது கண்.

புது மாஸ்க் வாங்கினால் உள்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத சிலிகான் படலம் இருக்கும். அதை எடுக்காவிட்டால் எவ்வளவு எச்சில் தடவினாலும் மூடுபனி போட்டுக்கொண்டே இருக்கும். சாதாரணக் கண்ணாடி மாஸ்க்குக்கு வெள்ளைப் பற்பசையை விரலால் தேய்த்துப் பலமுறை கழுவச் சொல்வோம். சிலர் லைட்டர் சுடரைக் காட்டி எரிப்பார்கள். ஒட்டிய லென்ஸ் உள்ள மாஸ்க்கில் இரண்டுமே வேண்டாம். சுடர் பசையை இளக்கும். ஒட்டியது பிளாஸ்டிக் லென்ஸாக இருந்தால் பற்பசை கீறிவிடும். குழந்தைகளுக்கான ஷாம்பூவை நீர்த்து, விரல் நுனியால் மெல்லத் தடவி அலசினால் போதும். பவர் மாஸ்க்கை எப்போதும் கைப்பையில் எடுத்துப் போங்கள். அந்தமானிலோ திருகோணமலையிலோ போய் இறங்கிப் பெட்டி வரவில்லை என்றால் துடுப்பும் உடுப்பும் வாடகைக்குக் கிடைக்கும். உங்கள் பவர் கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

ஆகவே, நம் கடற்கரையில் டைவிங் கடை நடத்தும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். வாடகை மாஸ்க்குகளில் ஒரு மாடலையாவது பவர் மாற்றத் தக்கதாக வாங்குங்கள். மைனஸ் இரண்டிலிருந்து ஆறுவரை முழு எண்களில் இடதும் வலதுமாக லென்ஸ் வாங்கி வைத்தாலே, ஒருநாள் பயணிகளாக வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் போதும். விடுமுறைக்கு வந்து ஒரே ஒரு தடவை கடலடியைப் பார்க்கப் போகும் பெண், வாழ்நாளில் பார்க்கும் அந்த நாற்பது நிமிஷத்தைப் புகையாகப் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடாது. எங்கள் கடையில் இந்த மாஸ்க்குகளின் வாரில் பவரை எழுதிய வெள்ளை நாடா ஒட்டியிருக்கும். இடது வேறு வலது வேறு என்றால் இரண்டு நாடா. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து படகு கிளம்புமுன், கண்ணாடிக்காரர்கள் அவரவர் சீட்டைப் பார்த்து அவரவர் மாஸ்க்கை எடுத்து, கரையில் கட்டியிருக்கும் வேறு படகின் பெயரைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும்.